மண்ணுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம்

(வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம்)



அக்டோபர் பிறந்து, கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்க ஆள் தேடுகிற நாள் வந்துவிட்டால், ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடும். "சாமி, நம்ம ஆளுங்கள எரிக்கலாமா? எரிச்சா பாவமா?" திண்டிவனத்திலும் கேட்கிறார்கள், விழுப்புரத்திலும் கேட்கிறார்கள். முன்பெல்லாம் வயதானவர்கள் பயந்து பயந்து கேட்பார்கள். இப்போது நாற்பது வயதுக்காரர்கள் கணக்குப் போட்டுக் கேட்கிறார்கள். மகன் சிங்கப்பூரில், மகள் பெங்களூரில். கல்லறையைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இல்லை. தோட்டத்தில் இடமும் இல்லை. சிமெண்டும் சலவைக்கல்லும் வைத்துக் கட்டினால் கடன். எரிவாயு தகனமேடை என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடுகிறது.

இந்தக் காரணங்களில் ஒன்றையும் நான் கேலி செய்யமாட்டேன். துக்க வீட்டில் கையில் காசில்லாமல் நிற்பவரிடம் போய் இறையியல் பேசுவது குரூரம். கேள்விக்குப் பதில் சுருக்கமானது: பாவம் இல்லை. திருஅவை அனுமதிக்கிறது. ஆனால் "பாவம் இல்லை" என்பதும் "இழப்பு இல்லை" என்பதும் ஒன்றல்ல. அந்த இழப்பு என்ன என்பதை வரலாற்றிலிருந்து கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் நம் ஊர். எரிப்பது இந்துக்கள் வழக்கம், புதைப்பது கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கொண்டுவந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. ஆதிச்சநல்லூரில் நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் இடுகாடு கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையிலும் முதுமக்கள் தாழிகள் கிடைத்திருக்கின்றன. நம் விழுப்புரம் மாவட்டத்து உடையார்நத்தத்தில் கல்வட்டத்தோடு மனித உருவில் ஒரு பெரிய கல் நிற்கிறது, அதுவும் ஈமச்சின்னம்தான். எரிப்பது, அப்படியே போட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து வழக்கங்களும் ஒரே நகரத்தில் இருந்ததை மணிமேகலை சொல்கிறது. ஆக, புதைப்பதும் எரிப்பதும் இரண்டுமே இந்த மண்ணுக்குப் பழையவை. இன்றும் நம்மைச் சுற்றியுள்ள கிராமங்களில் புதைக்கிற இந்துக் குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். நம் உயர்மறைமாவட்ட எல்லைக்குள்ளேயே இருக்கிற வடலூரில் வாழ்ந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், இறந்தவர்களை எரிக்காதீர்கள், புதையுங்கள் என்று தம் அன்பர்களிடம் வற்புறுத்தியவர். இறந்தவர்களை ஆண்டவர் எழுப்புவார் என்ற எதிர்பார்ப்பு அவரிடம் இருந்தது. அவருடைய சமயம் வேறு, நம்முடையது வேறு, இரண்டையும் குழப்பவேண்டாம். ஆனாலும் உயிர்ப்பை எதிர்பார்க்கிறவன் உடலை எப்படி நடத்துவான் என்பதில் அந்த மனிதருக்கும் நம் முன்னோர்களுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. எனக்கு அது எப்போதும் வியப்புதான்.

விவிலியத்துக்கு வருவோம். நம்பிக்கையின் தந்தை ஆபிரகாமுக்குக் கடவுள் நாட்டையே வாக்களித்தார். ஆனால் அவர் கைக்கு முதலில் வந்த நிலம் எது? மனைவி சாராவை அடக்கம் செய்ய, நானூறு வெள்ளிக் காசு எண்ணிக் கொடுத்து வாங்கிய மக்பேலா குகை. வாக்களிக்கப்பட்ட நாட்டில் அவர் வாங்கிய முதல் சொத்து ஒரு கல்லறை! யோசேப்பின் எலும்புகளை எகிப்திலிருந்து சுமந்துகொண்டு வந்தார்கள். எரித்த நிகழ்ச்சி இல்லாமலில்லை. போரில் மாண்ட சவுலையும் அவர் மக்களையும் யாபேசு ஊரார் எரித்தார்கள்; பிறகு எலும்புகளைப் பொறுக்கி ஒரு மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். பகைவர் சிதைத்த உடல்களைக் காப்பாற்ற, இரக்கத்தோடு செய்த காரியம் அது. ஆனால் ஆமோஸ் இறைவாக்கினரின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தால் வேறு விதமான எரிப்பு இருக்கிறது. ஏதோம் அரசனின் எலும்புகளை மோவாபு நாட்டார் சுண்ணாம்பாகும்வரை எரித்தார்கள், அதற்காகக் கடவுள் அவர்களைத் தண்டிக்கப்போவதாகச் சொல்கிறார். இத்தனைக்கும் ஏதோம் இஸ்ரயேலின் பகை நாடு. பகைவனின் எலும்புக்கும் கடவுள் பரிந்து பேசுகிறார்.

இந்த இரண்டு எரிப்புகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரக்கத்தால் எரித்தது. மற்றது, இருந்த தடமே இல்லாமல் போகவேண்டும் என்று எரித்தது.

இரண்டாவது வகையைத் தொடக்கக் கிறிஸ்தவர்கள் நேரில் பார்த்தார்கள். உரோமையில் எரிப்பதுதான் அன்று பெரும் வழக்கம். கிறிஸ்தவர்களோ, ஆண்டவரைக் கல்லறையில் வைத்ததுபோல் தங்கள் இறந்தோரையும் வைத்தார்கள். நகருக்கு வெளியே சுரங்கக் கல்லறைகள் அப்படித்தான் உருவாயின. கி.பி. 177இல் இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரில் மறைசாட்சிகளைக் கொன்றவர்கள் அதோடு விடவில்லை. உடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டு, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இனி இவர்கள் எப்படி உயிர்ப்பார்கள், பார்ப்போம் என்பதுதான் நோக்கம். வரலாற்றாசிரியர் எவுசேபியு இதைப் பதிவு செய்திருக்கிறார்.

சாம்பலாக்கினால் கடவுள் தோற்றுவிடுவாரா? அன்றைய கிறிஸ்தவர்களே அப்படி நினைக்கவில்லை. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஸ்மிர்னா ஆயர் புனித போலிக்கார்ப்பைத் தீயிட்டபோது, எஞ்சிய எலும்புகளைப் பொன்னையும் மணியையும்விட மேலாக மதித்து எடுத்துவைத்து, ஆண்டுதோறும் அங்கே கூடினார்கள். நெருப்பு உயிர்ப்பைத் தடுக்காது. தயவுசெய்து இதில் யாரும் கலங்கவேண்டாம். தீ விபத்தில் இறந்தவர்கள், கடலில் போனவர்கள், சுனாமியில் உடலே கிடைக்காதவர்கள் எல்லாரையும் ஆண்டவர் அறிவார். அடக்கம் செய்வது கடவுளுக்கு உதவி செய்வதற்காக அல்ல. அது நமக்காக.

ஐரோப்பா கிறிஸ்தவமானபின் எரிக்கும் வழக்கம் மறைந்தது. சில சமயம் முரட்டுத்தனமாகவும் மறைந்தது. 785 வாக்கில் பேரரசர் சார்லமேன், சாக்சோனியரில் யாராவது பழைய வழக்கப்படி பிணத்தை எரித்தால் மரணதண்டனை என்று சட்டம் போட்டார். இறந்தவனை எரித்ததற்காக உயிரோடிருப்பவனைக் கொல்வது! நம் வரலாற்றில் பெருமைப்பட முடியாத பக்கங்களில் இதுவும் ஒன்று.

பிறகு 19ஆம் நூற்றாண்டு. 1876இல் மிலான் நகரக் கல்லறைத் தோட்டத்தில் தகனக்கூடம் ஒன்று கட்டி ஆல்பெர்ட்டோ கெல்லர் என்ற பட்டு வணிகரின் உடலை எரித்தார்கள். சுகாதாரம் என்று ஒரு காரணம் சொன்னார்கள், அதில் உண்மையும் இருந்தது. ஐரோப்பிய நகரங்களின் இடுகாடுகள் நிரம்பி வழிந்த காலம் அது. ஆனால் அந்த இயக்கத்தைத் தூக்கிப் பிடித்தவர்களில் பலர் ஃப்ரீமேசன்கள். உயிர்ப்பு என்று ஒன்று இல்லை என்று காட்டவே எரிக்கச் சொன்னவர்களும் உண்டு. அதனால் 1886இல் உரோமை தடை விதித்தது. 1917ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டம், தன் உடலை எரிக்கச் சொல்லி அதில் உறுதியாக நின்று இறந்தவருக்குக் கிறிஸ்தவ அடக்கமே கிடையாது என்றது. நம் தாத்தா பாட்டிகள் பயந்தது இந்தச் சட்டத்துக்குத்தான்.

1963 ஜூலையில் அந்தத் தடை தளர்ந்தது. நம்பிக்கையை மறுப்பதற்காக இல்லையென்றால் தகனம் செய்யலாம். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1176ஆம் எண்ணும் அதையே சொல்கிறது: அடக்கம் செய்யும் பக்தியான வழக்கத்தைத் திருஅவை மிகவும் பரிந்துரைக்கிறது, தகனத்தைத் தடை செய்யவில்லை. 2016இல் வந்த அறிவுரை, சாம்பலைக் காற்றிலோ நீரிலோ தூவக்கூடாது, பிள்ளைகளுக்குள் பங்கு போடக்கூடாது, நகையில் பதித்து மாட்டிக்கொள்ளக்கூடாது, வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளக்கூடாது, புனிதமான ஓர் இடத்தில் வைக்கவேண்டும் என்றது. 2023 டிசம்பரில், பலருடைய சாம்பலை ஒரே பொது இடத்தில் சேர்த்து வைக்கலாம், ஆனால் ஒவ்வொருவர் பெயரும் அங்கே குறிக்கப்படவேண்டும் என்று விளக்கம் வந்தது. இந்த ஆவணங்கள் மூச்சுக்கு மூச்சு இரண்டு வார்த்தைகளைப் பிடித்துக்கொள்கின்றன: இடம், பெயர். ஏன் இத்தனை பிடிவாதம் என்று எனக்குக் குருமடத்தில் புரியவில்லை. பாடமாகப் படித்தேன், அவ்வளவுதான். கொரோனா காலத்தில்தான் புரிந்தது.

கொழும்புக்கு வாருங்கள். அங்கே நடந்தது நம் மொழி பேசுகிறவர்களுக்கு நடந்தது. 2020 ஏப்ரலில் இலங்கை அரசு, கொரோனாவால் இறந்தவர்கள் யாராக இருந்தாலும் எரிக்கவேண்டும் என்று ஆணையிட்டது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. அரசு கேட்கவில்லை, நிலத்தடி நீர் வழியாக நோய் பரவும் என்றார்கள். அதற்குச் சான்று எதுவும் காட்டவில்லை. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2020 டிசம்பர் முதல் நாள் மனுக்கள் விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாயின. அதே மாதம், பிறந்து இருபது நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தை பெற்றோரின் விருப்பத்தை மீறி எரிக்கப்பட்டது. மக்கள் பொரளை தகனக்கூடத்து வாசல் கம்பிகளில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவைத்தார்கள். அந்தக் குழந்தைக்குக் கபன் துணி சுற்ற முடியவில்லை, கம்பிக்குச் சுற்றினார்கள். அந்தப் படத்தைப் பார்த்த யாராலும் மறக்க முடியாது.

2021 பிப்ரவரி கடைசியில் ஆணை மாற்றப்பட்டது. மார்ச் 5 முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. தூரம்தான், ஆனாலும் மண் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று அரசுக் கணக்கே சொல்கிறது. மன்னிப்பு வந்தது, சட்டம் மாறியது. ஆனால் அந்த 276 குடும்பங்களுக்கு அதனால் திரும்பக் கிடைத்தது என்ன? எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்? நெருப்பு முடித்துவிட்டது.

இதற்குப் பக்கத்தில் நம் சென்னையை வைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் 19ஆம் தேதி நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்கு உடலைக் கொண்டுபோக முடியாதபடி எதிர்ப்பு. அண்ணாநகர் பக்கம் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கட்டையும் கல்லும் பறந்தன. ஆம்புலன்ஸ் உடைந்தது, ஓட்டியவர்களுக்கு இரத்தக் காயம். நள்ளிரவில் அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவரே மண்வெட்டியும் கையுமாகக் குழியை மூடவேண்டியிருந்தது. மனைவியும் பிள்ளையும் பக்கத்தில் நிற்க முடியவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, மரியாதையான அடக்கமும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. ஒரு வாரத்துக்குள் தமிழக அரசு, இப்படித் தடுப்பவர்களுக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

அவருடைய மனைவி விடவில்லை. என் கணவரின் உடலை அவர் விரும்பிய கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றவேண்டும் என்று மாநகராட்சியிடம் கேட்டார். மறுத்தார்கள். நீதிமன்றம் போனார். 2021 மார்ச்சில், உடலைத் தோண்டி எடுத்துக் கீழ்ப்பாக்கத்தில் மறு அடக்கம் செய்யலாம் என்று தனி நீதிபதி தீர்ப்பளித்தார். வழக்கின் மற்ற போக்கெல்லாம் சட்டம் தெரிந்தவர்கள் பேசவேண்டியது. என்னை உலுக்கியது ஒன்றுதான். அந்த அம்மாவால் கேட்க முடிந்தது. அநீதி நடந்து ஓராண்டு ஆனபிறகும், இதைச் சரிசெய்யுங்கள் என்று கேட்க அவருக்கு ஓர் இடம் இருந்தது, ஏனென்றால் கணவர் மண்ணில் இருந்தார். பொரளையில் நின்ற பெற்றோருக்கு அது இல்லை.

தகனத்தின் குறை என்று நான் நினைப்பது இதைத்தான். விறகு, புகை என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சிதைக்கு 400, 500 கிலோ விறகு போவது உண்மை. ஆனால் நம் சவப்பெட்டியும் மரம்தான், அதற்குமேல் சிமெண்ட் மேடை வேறு. அந்த வாதத்தை நாம் எடுக்காமலிருப்பது நல்லது. உண்மையான குறை, அது மறுபேச்சுக்கு இடம் வைப்பதில்லை. சாவில் சந்தேகம் என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவின்பேரில் கல்லறையைத் திறந்து பரிசோதிக்கச் சட்டம் இடம் தருகிறது. சாம்பலை எப்படிப் பரிசோதிப்பது? வெளிநாட்டிலிருந்து மூன்று நாள் கழித்து வந்து சேரும் மகனுக்குக் கல்லறையாவது இருக்கிறது. அப்பாவோடு பத்து ஆண்டு பேசாமலிருந்து, செத்தபிறகு மனம் உடைந்து வருகிற பிள்ளைக்கு, போய் மண்டியிட ஆறடி மண் இருக்கிறது. ஆற்றில் கரைத்திருந்தால் அவன் எங்கே போவான்?

திண்டிவனத்துக்காரர்களுக்குத் திருவக்கரை தெரியும். அங்கே கிடக்கும் கல்மரங்கள் இரண்டு கோடி ஆண்டு பழமையானவை என்கிறார்கள். மரங்கள்தான். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மண்ணுக்குள் புதைத்ததால் கல்லாகிக் கிடக்கின்றன, வளையம்கூடத் தெரிகிறது. அதே மரத்தை யாராவது அன்று அடுப்பில் வைத்திருந்தால்? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடக்கத்தை இப்படிப் புகழ்ந்துவிட்டு, நம் கல்லறைத் தோட்டங்களின் நிலையைப் பேசாமல் போனால் அது நேர்மை ஆகாது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச் சுவர் நின்றதை நாடே அறியும். அவ்வளவு தூரம் போகவேண்டாம். அன்றைக்கு நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த, இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிற எறையூரில், இறந்தவர்களை எந்தத் தெரு வழியாகக் கொண்டுபோவது என்பது உள்ளிட்ட சாதி வேறுபாடுகளால் 2008 மார்ச்சில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே மோதல் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. "சாமி, உங்க கல்லறையிலயும் எங்களுக்குத் தனி மூலைதான், அதுக்கு எரிச்சிட்டாப் போகுது" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் திருஅவைச் சட்டம் பேச எனக்கு வாய் வராது. மண் எல்லாரையும் ஒன்றாக ஏற்கும் என்று பீடத்தில் நின்று சொல்கிறோம். அதே மண்ணில் சுவர் எழுப்பியதும் நாம்தான். இடம், பெயர் என்று உரோமை பேசுவதை நாம் முழுதாகக் கேட்கவேண்டும். யாருடைய இடம், யாருடைய பெயர் என்பதும் அதில் அடக்கம்.

இடம் பற்றாத பங்குகளுக்கு ஆலப்புழை ஒரு வழி காட்டியது. கடலோரம், இரண்டடி தோண்டினால் தண்ணீர். கொரோனா காலத்தில் ஆழமான குழி வெட்டவே முடியவில்லை. 2020 ஜூலையில் அந்த மறைமாவட்ட ஆயர், உடலைத் தகனம் செய்து, சாம்பலை அவரவர் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யலாம் என்று அறிவித்தார். நெருப்பை ஏற்றுக்கொண்டார்கள், இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. யாபேசு ஊரார் சவுலுக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுதானே!

ஆகவே, தகனம்தான் என்று முடிவெடுத்துவிட்ட குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிவெடுப்பதற்கு முன்பே பங்குத்தந்தையிடம் பேசுங்கள், திட்டமாட்டார். முடிந்தவரை உடலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து திருப்பலி முடிந்தபின் தகனமேடைக்கு எடுத்துச் செல்லுங்கள். சாம்பலைக் கலசத்தில் வாங்கியதும் மரக்காணம் கடற்கரைக்கோ தென்பெண்ணைக்கோ கொண்டுபோகாதீர்கள். வீட்டு அலமாரியிலும் வேண்டாம். கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். புதிய குழி தேவையில்லை. தாத்தாவோ பாட்டியோ இருக்கிற பழைய கல்லறையிலேயே ஒரு முழம் தோண்டினால் போதும், சலவைக்கல்லும் கட்டாயமில்லை. பங்கின் இறப்புப் பதிவேட்டில் பெயர், இறந்த நாள், வைத்த இடம் மூன்றும் எழுதப்படும். நவம்பர் 2 மாலை கல்லறைகளை மந்திரிக்கும்போது அந்த இடத்துக்கும் தீர்த்தம் தெளிக்க வருவோம்; மெழுகுவர்த்தி மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.